சுடுகல்லில் நாலு ரக்அத் நேரம்

போன வருஷம் ஆகஸ்ட் விடுமுறையில், பொத்துவிலையும் தாண்டி லாகுகல காட்டுப் பக்கம் உள்ள ஒரு பழைய இடிபாட்டில் நடந்த விஷயம் இது. இத்தனை நாளும் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வாசித்துப் பழக்கம் உண்டு, எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கல்முனைப் பக்கம். கணவருக்குக் கத்தாரில் ஏ.சி. திருத்தும் வேலை. மூன்று வருஷத்துக்குப் பிறகு நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, இளையவளுக்கு நான்கு. அவர் போகும்போது இளையவள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைக்கு வாப்பா என்றால் போன்தான். காலையில் எழும்பினால் போனுக்கு முத்தம். தான் கீறிய படத்தைப் போனுக்குக் காட்டுவாள். சாப்பிடும்போது அதற்கும் ஒரு பிடி ஊட்டுவாள், கண்ணாடியில் சோறு ஒட்டிக் கிடக்கும். அவர் அந்தப் பக்கம் வாயைத் திறந்து மென்று காட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும்.

அப்படிப்பட்டவள், அவர் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது என் பின்னால் போய் ஒளிந்தாள். இவர்தான் வாப்பா என்று எல்லாரும் சொன்னோம். இல்லை என்று தலையை ஆட்டினாள். தூக்கப் போனால் வீறிட்டுக் கத்தினாள். அன்று பொழுதுபட்டு மஃரிபு தொழுத பிறகு என்னிடம் வந்து, "போனத் தாங்க, வாப்பாவோட கதைக்கணும்" என்றாள். அவர் எதிரே கதிரையில் இருக்கிறார்.

அவர் எழும்பி அடுத்த அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, என் போனுக்கு அழைத்தார். பிள்ளை எடுத்தாள். அரை மணித்தியாலம் கதைத்தாள். "எங்கட வீட்டுக்கு ஒரு ஆள் வந்திரிக்கி வாப்பா" என்று அவரைப் பற்றி அவரிடமே கோள் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தேன்.

இப்படியே நாட்கள் போயின. இனிப்பு, பொம்மை, சைக்கிள் எல்லாம் கொடுத்துப் பார்த்தார். வாங்கிக்கொள்வாள், கிட்ட வரமாட்டாள். எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம் என்பது கிழக்குப் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரே ஒழுங்கைக்குள் என் உம்மா வீடு, தங்கச்சிமார் இரண்டு பேர் வீடு, அவர்களுடைய பிள்ளைகள். அவர் கையை நீட்டினால் பிள்ளைக்கு ஓடிப்போய் ஏற நாலு மடி இருந்தது. ஐந்தாவது மடி அவளுக்கு எதற்கு?

லீவில் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யாரையும் கூட்டாமல் நாங்கள் நாலு பேரும் மட்டும் ஒரு வான் பிடித்து எங்காவது ஒரு நாள் போக வேண்டும். இவளுக்கு ஓட வேறு மடி இருக்கப்படாது. தங்கச்சிமாருக்கு முகம் கோணிப்போனது. "எங்களுக்கு வானில எடமில்லையாக்கும்" என்று சின்னத் தங்கச்சி இரண்டு நாள் கதைக்கவில்லை. பொறுத்துக்கொண்டேன்.

எங்கே போவது என்பதை மூத்தவள் முடிவு செய்தாள். வரலாற்றுப் பாடத்தில் படித்த பழைய பௌத்த விகாரை ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். அவருக்கும் அது பிடித்தது. கத்தாரில் அவருடைய அறையில் இருக்கும் நேபாளத்து ஆள் ஒருவர் போனில் நம் நாட்டு இடிபாடுகளின் படத்தைக் காட்டி, இது உங்கள் ஊர்ப் பக்கமாமே, எப்படி இருக்கும் என்று கேட்டாராம். பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். பிறந்து வளர்ந்த மாவட்டத்தில் இருப்பதை ஒரு நேபாளத்தார் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறதே என்றார்.

மூத்தவள் ஒரு கொப்பியில் சட்டங்கள் எழுதினாள். பொலித்தீன் கொண்டு வரப்படாது. சோறு வாழையிலையில் கட்ட வேண்டும். குப்பையைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். கல்லில் ஏறப்படாது, பெயர் எழுதப்படாது, கல்லில் இருந்து படம் எடுக்கப்படாது. சத்தம் போடப்படாது. செருப்பைக் கழற்ற வேண்டும். இவர் அவளை "பிரின்சிபல் அம்மா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். ஆனாலும் நான் அந்தக் கொப்பியை ஒழுங்காக வாசித்தேன். பிற மதத்தாருடைய இடத்துக்குப் போகிறோம், நம்மால் ஒரு சொல் வந்துவிடப்படாது என்று மனசுக்குள் ஒரு பயம் இருந்தது. நம் ஆட்கள் எல்லாருக்கும் இப்போது உள்ள பயம்தான் அது.

விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டு வான் ஏறினோம். ஓட்டி வந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ் அண்ணன் ஒருவர், பகிடிக்காரர். ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் தாண்டி, பொத்துவிலில் பசியாறி, லாகுகல போய்ச் சேரும்போது பத்து மணி இருக்கும். பெரிய ரோட்டிலிருந்து காட்டுப் பாதையில் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். அண்ணன் வானிலேயே படுத்துக்கொண்டார். "தம்பி, யானைச் சாணி கிடந்தா தொட்டுப் பாருங்க. ஆறியிருந்தாப் போங்க. சூடா இருந்தாத் திரும்பி ஓடி வாங்க, நான் கதவத் திறந்து வெக்கிறன்" என்றார்.

சொன்னது போலவே பாதையில் கிடந்தது. இவர் பெருவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மூத்தவளைப் பார்த்து ரொம்பப் பெரிய ஆராய்ச்சி முடிவு போல, "நேத்துள்ளது" என்றார். நான் சிரித்தேன். இளையவள் என் பர்தாவைப் பிடித்தபடி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லாத பார்வை. அதைக் கண்டே என் மனம் குளிர்ந்துவிட்டது.

அந்த இடத்தை நான் எப்படிச் சொல்வது? காட்டு மரங்களுக்கு நடுவில் கல்தூண்கள் தலை இல்லாமல் நின்றன. செங்கல் மேடு ஒன்றில் புல் முளைத்துக் கிடந்தது. படிக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கல், அதில் வரிசையாக யானைகள், யானை மேல் ஆட்கள். சந்திரவட்டக்கல் என்று மூத்தவள் விளக்கம் சொன்னாள். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன் யாரோ குந்தியிருந்து செதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே நடந்தோம். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. காவலாளியின் சின்னக் கொட்டில் தூரத்தில் தெரிந்தது, ஆளைக் காணவில்லை.

சுற்றிப் பார்த்து முடிவதற்குள் லுஹருடைய, மதியத் தொழுகையுடைய நேரம் வந்துவிட்டது. பொத்துவிலுக்குப் போய்த் தொழலாமே என்றார் இவர். வக்து வந்த பிறகு பிந்துவது எனக்கு மனசுக்குச் சரிவராது. அதுவும் அன்றைக்கு அல்லாஹ்விடம் கேட்க எனக்கு ஒன்று இருந்தது. நீ தொழு, நான் பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூண்கள் பக்கம் போனார். நான் போத்தல் தண்ணீரில் முகம், கை, கால் கழுவி வுழூச் செய்துகொண்டேன்.

தொழ இடம் சுத்தமாக இருக்க வேண்டும். தரையெல்லாம் மாட்டுச் சாணி, எறும்பு. அந்தச் செங்கல் மேட்டுக்குப் பக்கத்தில், மருத மர நிழலில், கட்டில் அளவுக்கு மட்டமான கல் ஒன்று தாழ்வாகக் கிடந்தது. வேறு கற்களில் எல்லாம் பாசியும் மண்ணும். இது மட்டும் கழுவித் துடைத்தது போல இருந்தது. மேலே வாடிய பூக்கள் கொஞ்சம் கிடந்தன. மரத்துப் பூ என்று நினைத்து, கையால் வழித்துக் கீழே தள்ளிவிட்டு, தொழுகிற விரிப்பை, முஸல்லாவை விரித்தேன். காட்டுக்கு நடுவில் ஒரு கல் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கொப்பியில் கல்லில் ஏறப்படாது என்று எழுதியிருந்ததும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. தொழுகைதானே என்று இருந்துவிட்டேன்.

இளையவளைப் பக்கத்தில் நிழலில் இருத்திவிட்டுத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். மூத்தவள் அறிவிப்புப் பலகையை வாசித்துக்கொண்டு நின்றாள்.

லுஹருக்கு நாலு ரக்அத், அதாவது நாலு சுற்று; இரண்டாவதில், நெற்றியைக் கல்லில் வைத்து ஸுஜூதில் இருந்தபோதுதான் கேட்டேன், யா அல்லாஹ், இந்த மனுசன் போகிறதுக்கு முதல் இந்தப் பிள்ளைக்கு அவளுடைய வாப்பாவைக் காட்டிக் கொடு என்று. கேட்டு முடியவில்லை, பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம். பக்கத்திலிருந்து இல்லை, கொஞ்சம் தள்ளி. "உம்மா, உம்மா" என்று கத்தினாள். அதோடு சேர்ந்து ஒரு ஆணின் குரல், சிங்களத்தில், அதட்டலாக. எங்களை நோக்கி வருகிற குரல்.

எனக்குச் சிங்களம் விளங்காது. ஆனால் அதட்டலுக்கு மொழி வேண்டுமா? என்ன செய்துவிட்டோம், பிள்ளை எதிலாவது ஏறிவிட்டாளா, இவர் எங்கே? நெஞ்சு அடித்த அடியில் ஓதியது எது என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைக்கு ஆபத்து என்றால் தொழுகையை விட்டுவிட்டு ஓடலாம், மார்க்கம் தடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும். எழும்பி ஓடத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அழுகை நின்றுவிட்டது. கத்திக் கத்தி ஓய்ந்து நிற்கிற அழுகை இல்லை, சட்டென்று நின்றது. அதட்டலும் நின்றது. மெதுவாக ஒரு பெண் குரல் கேட்டது, அவ்வளவுதான்.

அந்த மௌனத்தை என்னவென்று எடுப்பது? அல்லாஹ்வே, உன்னிடம்தான் ஒப்படைத்தேன் என்று மிச்ச ரக்அத்துகளையும் தொழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாலு ரக்அத் தொழுததில்லை. வலப்பக்கம் ஸலாம் கொடுத்தேன், மரம்தான் தெரிந்தது. இடப்பக்கம் திரும்பினேன்.

வெட்ட வெளியில், சுட்டுக் கிடந்த கல்தளத்தின் நடுவில் என் கணவர் வெறுங்காலோடு நின்றார். அவருடைய இரண்டு பாதத்தின் மேலும் தன் இரண்டு பாதத்தை வைத்து, சாரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இளையவள் நின்றாள். அவர் அவளைத் தொடவில்லை. கைகள் இரண்டையும் உடம்பிலிருந்து தள்ளி விரித்து வைத்திருந்தார், தோளில் வந்து குந்திய குருவி பறந்துவிடும் என்று பயந்தவர் போல. பக்கத்தில் வெள்ளை உடுத்த ஐம்பது வயசு மதிக்கத்தக்க சிங்களப் பெண் ஒருவர். ஒரு கையில் பூத்தட்டு. மற்றக் கையில் இருந்த குடையைப் பிள்ளைக்கும் இவருக்கும் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நின்றார். தடியோடு காவலாளி கொஞ்சம் தள்ளி.

நான் கிட்டப் போனேன். கல் சுட்ட சூட்டில் என்னால் ஒரு இடத்தில் கால் ஊன்ற முடியவில்லை. அவர் தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து, "கதைக்காத. அசைஞ்சா இறங்கிருவாள்" என்றார்.

"உங்களுக்குக் கால் சுடல்லையா?"

"சுடுதுதான். சுடட்டும்."

என்ன நடந்தது என்பதை மூத்தவளும் அவரும் பிறகு சொன்னார்கள். மரத்திலிருந்து இறங்கிய மந்தி ஒன்றின் பின்னால் இளையவள் நிழலை விட்டு ஓடியிருக்கிறாள். தளத்தின் நடுவில் போனதும் பாதம் சுட்டு, ஒரு கால் மாறி ஒரு கால் தூக்கிக் கத்தினாள். இவர் ஓடி வந்தார். வந்தவர் இரண்டு அடி தள்ளியே நின்றுவிட்டார். ஒரு மாசமாக, தொட்டால் கத்துவாள் என்று பழகிப் போன பயம். கையை நீட்டினார், அவள் வரவில்லை. அதற்குள் காவலாளி கத்திக்கொண்டு வந்தார். பிள்ளை காவலாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் நெற்றியைக் கல்லில் வைத்தபடி கிடந்தேன். வேறு போக இடம் இல்லை. இரண்டு எட்டில் ஓடி வந்து இவருடைய பாதத்தில் ஏறிவிட்டாள்.

இவர் குனிந்து தூக்கப் போனார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்ததாம். "லா, லா. ஹல்லீஹா. ஷுவை, ஷுவை." அரபியில். வேண்டாம், அவளை விடு, மெதுவாக, மெதுவாக. வெள்ளை உடுத்த சிங்களப் பெண்ணின் வாயிலிருந்து அரபி. "நான் கத்தாரிலே நிக்கிறனா, காட்டுக்குள்ள நிக்கிறனா எண்டு எனக்கே விளங்கல்ல" என்று இவர் சொன்னார். அந்தப் பெண் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒன்பது வருஷம் இருந்தவராம். இவர் எட்டு வருஷக் கத்தார்க்காரர். இவருக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் அந்த இடிபாட்டுக்கு நடுவில் அரபியில் கதைத்துக்கொண்டார்கள். தினமும் குர்ஆன் ஓதுகிற நான் பக்கத்தில் நின்றும் ஒரு வசனம் விளங்காமல் விழித்தேன்.

காவலாளி என்மீதுதான் கோபப்பட்டு வந்தார் என்பதை மட்டும் இவர் அங்கேயே சொன்னார். நான் முஸல்லா விரித்த கல் பூ வைக்கிற கல். அந்தச் செங்கல் மேடுதான் அவர்களுடைய தூபி. தினமும் கழுவிப் பூ வைத்துக் கும்பிடுகிற கல்லில் நான் ஏறி நின்றிருக்கிறேன். காவலாளி என்னை எழுப்ப வந்தபோது இந்தப் பெண்தான் தடுத்திருக்கிறார். குவைத்தில் வேலை செய்த வீட்டு எசமானி தொழும்போது குறுக்கே போகப்படாது என்று தெரியும், கொஞ்ச நேரம்தான், முடிக்கட்டும் என்று சொன்னாராம். பூ வைக்க வந்தவர், பூவைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் எனக்காகக் காத்து நின்றிருக்கிறார்.

இதைக் கேட்டதும் திரும்பி ஓடிப்போய் முஸல்லாவைச் சுருட்டினேன். நான் வழித்துத் தள்ளிய பூக்களைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அந்தப் பெண் மெதுவாக வந்து என் கையைப் பிடித்தார். என் கணவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். இவரும் இருந்த இடத்திலிருந்தே, காலை அசைக்காமல், எனக்குத் தமிழில் சொன்னார்: "அது நேத்தைய பூவாம். அதக் கூட்டத்தான் அவ வந்தவவாம். வேலையில பாதிய நீ செஞ்சிட்டாயாம்."

நான் அழுதுவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் அதுதான், "சமாவென்ட" என்றேன். மன்னியுங்கள் என்று. காவலாளியிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொழுதிருக்கலாமே, இடம் நானே காட்டித் தந்திருப்பேனே என்று அவர் முணுமுணுத்ததை இவர் எனக்குச் சொன்னார். சரிதான். காவலாளி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கேட்டிருந்தால் முடிந்துபோகிற விஷயம். நான் மற்றவர்களுக்குப் பயந்துகொண்டு மட்டும் போனேன், கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண், கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, புதுப் பூவை வரிசையாக வைத்தார். அது முடியும் வரை நாங்கள் தள்ளி நின்றோம். நின்றோம் என்றால், நானும் மூத்தவளும் நின்றோம். இவர் இளையவளைப் பாதத்தில் வைத்தபடி நடக்கத் தொடங்கியிருந்தார். ஒரு காலைத் தூக்கி வைப்பார், அவளுடைய காலும் சேர்ந்து போகும். மற்றக் காலைத் தூக்கி வைப்பார். விழாமல் இருக்க அவள் அவருடைய கைப் பெருவிரல்களைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவளாகவேதான். அந்தக் கல்தளத்தைத் தாண்டி நிழலுக்கு வர நாற்பது அடி எடுத்து வைத்திருப்பார். நிழல் வந்ததும் நின்றார்.

அவள் தலையை அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"இன்னொருக்காப் போவம் வாப்பா" என்றாள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? திரும்பி அதே சுடுகல்லில் இறங்கினார். நான் தடுக்கவில்லை.

சாப்பாட்டு இலையைப் பிரித்து அந்தப் பெண்ணையும் காவலாளியையும் கூப்பிட்டோம். காவலாளி வந்து சாப்பிட்டார், மீன் பொரியல் நன்றாக இருக்கிறது என்று கையால் காட்டினார். அந்தப் பெண் தண்ணீர் மட்டும் குடித்தார். இவரோடு கொஞ்ச நேரம் கதைத்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தபோது அவருடைய மகளுக்குப் பத்து வயதாம். அவசரப்பட்டுக் கட்டிப் பிடித்தாராம், பிள்ளை கையைக் கடித்துவிட்டாளாம். கடித்த இடத்தைச் சிரித்துக்கொண்டே காட்டினார், அங்கே ஒரு அடையாளமும் இல்லை. இப்போது அந்த மகளும் குவைத்தில். மகளுடைய குழந்தை அந்தப் பெண்ணிடம். வயலுக்குப் போன மனுசன் வரும்வரை குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பூ வைக்க வருகிறாராம். புறப்படும்போது என் இளையவளுடைய கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கொண்டு போன குப்பையையெல்லாம் மூத்தவள் எண்ணி எண்ணிப் பையில் போட்டாள். வானுக்குத் திரும்பும்போது இளையவள் அவருடைய தோளில் தூங்கிப் போயிருந்தாள். ஓட்டுநர் அண்ணன் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, காட்டுக்குள்ள போய்ப் புதுசா ஒரு மகளப் புடிச்சிட்டு வந்திரிக்கீங்க" என்றார். இவரால் சிரிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்திருந்தது. அந்த வார வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நொண்டி நொண்டித்தான் போனார். கத்தாருக்குப் போன கால் ஊருக்கு ஆகாமல் போயிட்டு என்று கூட்டாளிமார் பகிடி பண்ணினார்களாம்.

அதற்குப் பிறகு மிச்சம் இருந்த ஒன்பது நாளும் அவள் அவரை விடவில்லை. சாப்பாடு அவர் கையால், தூக்கம் அவர் கையில். என் உம்மா கூப்பிட்டாலும் போகமாட்டாள், தங்கச்சிமாருக்கு முகம் இன்னும் கோணிப்போனது. கடைக்குப் போனால் கூடவே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். அவர் போகிற அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பெட்டியை எடுத்தபோதும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் நின்றாள். தானும் போகிறாள் என்று நினைத்திருந்தாள். வான் திரும்பி ரோட்டில் ஏறும் வரைக்கும் அவளைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்கும் மூத்தவளுக்கும் இரண்டு பேருடைய பலமும் வேண்டியிருந்தது.

அவர் போய்ச் சேர்ந்து முதல் அழைப்பு எடுத்தார். போனைக் கொடுத்தேன். பார்த்தாள். கண்ணாடியைக் குப்புறத் திருப்பி மெத்தையில் வைத்தாள். "இது வாப்பா இல்ல" என்றாள். நாற்பது நாளுக்கும் மேல் அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. முன்பு எவ்வளவு சந்தோஷமாகச் சோறு ஊட்டினாள். வாப்பா என்றால் கையில் பிடிக்கிற அளவுதான் என்று நினைத்திருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது அவளுக்கு அளவு தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் அவர், அவளைக் காட்டு என்று மட்டும் சொல்வார். தூங்குகிறவளைக் காட்டுவேன். இரண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

சில நேரம் நினைப்பேன், நான் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்யாமலே இருந்திருக்கலாமோ என்று. பிறகு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொள்வேன். ஸுஜூதில் நான் கேட்டதைத் தலையை எடுப்பதற்குள் தந்தவன் அல்லாஹ். அதோடு கூட என்ன வரும் என்று நான் கேட்கவில்லை, அது என்னுடைய அறியாமை. அந்தப் பெண் தினமும் வந்து பூ வைத்துவிட்டு என்ன கேட்கிறார் என்பதும் எனக்கு இப்போது விளங்குகிறது. மொழி விளங்காமலே விளங்குகிறது.

இப்போது இளையவளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. போனில் இரண்டு சொல் கதைக்கிறாள், கடமைக்கு. போன கிழமை நான் தொழப் போகும்போது பக்கத்தில் வந்து, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் தக்பீர் கட்டப் போகிற நேரம், "உம்மா, நாம தொழுற பக்கம்தானே வாப்பா இரிக்காரு?" என்று கேட்டாள். தொழுகிற திசையும் கத்தாரும் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம், ஆனால் இரண்டும் மேற்கே அந்தப் பக்கம்தான். "ஓம் மகள்" என்றேன். அன்றிலிருந்து ஐந்து வேளையும் அந்தத் திசையில் நிற்கும்போது என் மனசின் ஒரு ஓரம் கடல் தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்பி வருகிறது. அந்த ஏக்கத்தைத் தந்தவனே அதை மன்னிக்கவும் செய்வான் என்ற நம்பிக்கையில்தான் கையைக் கட்டுகிறேன்.